கோமாளி மீன் கண்ணாடித் தொட்டிக்கு வந்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தம்பி மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். "பெரியப்பா, பையன் நிமோ மீன் வேணும்னு ஒரே அடம். கொளத்தூர்ல ஜோடியா கிடைக்குதாம். வாங்கலாமா?" என்று கேட்டாள். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சரித்திரம் நடத்தியவனுக்கு அந்தப் பழக்கம் வராது. பாதிக் கதையை போனில் சொன்னேன். உங்கள் வீடுகளிலும் அடம்பிடிக்கும் வாண்டுகள் இருப்பார்களே, அதனால் முழுக்கதையையும் இங்கே எழுதுகிறேன்.

திருவண்ணாமலைக்காரனுக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். நமக்குக் கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி, பாண்டிச்சேரியில் இருக்கிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏரி மீன், குளத்து மீன், சாத்தனூர் அணை மீன். உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் சாத்தனூர் பூங்காவின் மீன் காட்சியகத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவர்கள். அந்தக் கண்ணாடிக்கு ஒரு வரலாறு உண்டு. பவளப்பாறையில் வாழும் வண்ண மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் இன்றைய கேள்வி நிற்கிறது.

முதலில் மீன். நிமோ என்று குழந்தைகள் சொல்வது கோமாளி மீனை. இந்தக் குடும்பத்தில் சுமார் 30 இனங்கள் உண்டு. சினிமாவில் வந்த ஆரஞ்சு நிறத்து மீன் நம் நாட்டில் அந்தமான் கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பக்கமும் இருக்கும் நம்மூர்க் கோமாளி வேறு. கரும்பழுப்பு உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். இதன் அறிவியல் பெயரில் 'செபே' என்று ஒரு சொல் வரும். அது ஆல்பர்ட்டஸ் செபா என்ற மனிதரின் பெயர். 300 ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் மருந்துக் கடை வைத்திருந்தவர். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளிடம் பாம்பு, சங்கு, மீன் என்று வாங்கிச் சேர்த்தவர். அவருடைய ஒரு சேகரிப்பை ரஷ்யப் பேரரசர் மகா பீட்டரே விலைக்கு வாங்கினார். செபா வெளியிட்ட படத் தொகுதியில் இந்த மீன் இருந்தது. 1853-இல் டச்சுப் படை மருத்துவர் பிளீக்கர் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். ராமநாதபுரத்து மீனவர் வலையில் ஏறும் மீனுக்கு ஆம்ஸ்டர்டாம் மருந்துக் கடைக்காரர் பெயர்! காலனிய காலம் என்று நான் வகுப்பில் சொன்னதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

இந்த மீன் தனியாக வாழாது. கடல் சாமந்தி என்று ஒன்று உண்டு. பெயர்தான் பூ, உண்மையில் அது பிராணி. அதன் இதழ் போன்ற கைகளில் விஷ முட்கள். மற்ற மீன் பட்டால் மரத்துப் போகும். கோமாளி மீனின் உடம்பில் இருக்கும் வழுவழுப்பான கோழை அதைக் காப்பாற்றுகிறது. அதனால் அது எதிரிகளுக்குப் பயப்படாமல் அந்த முட்களுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை சின்னப் பையன்கள். பிறக்கும்போது எல்லாமே ஆண்தான். பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறிவிடும். அடுத்த பையன் குடும்பத் தலைவனாகி விடுவான். சினிமாவில் அம்மா போன பிறகு அப்பா மகனைத் தேடிக் கடல் கடக்கிறார். நிஜத்தில் அந்த அப்பாவே அம்மாவாகியிருப்பார். பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இது ஊர் சுற்றும் மீன் அல்ல. பிறந்து சில நாள் கடல் நீரோட்டத்தில் மிதக்கும். பிறகு ஒரு சாமந்தியைப் பிடித்தால் அதுதான் வீடு. எனவே பிடிப்பவனுக்கு இது சுலபம். சாமந்தி இருக்கும் இடம் தெரிந்தால் போதும், குடும்பத்தோடு அள்ளிவிடலாம். அடுத்த குடும்பம் வரும்வரை அந்த வீடு காலிதான்.

இனி கண்ணாடித் தொட்டியின் கதைக்கு வருவோம். அது ஐரோப்பாவில் தொடங்குகிறது. தொடங்கியவர் தையற்கலைஞராக இருந்த ஒரு பெண். ஷான் வில்பிரூ பவர் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிசில் அரச குடும்பத்துத் திருமண உடை தைத்துப் பெயர் வாங்கியவர். கல்யாணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே காகித ஓடு போட்டு மிதக்கும் ஒரு வகைக் கணவாய் அவர் கண்ணில் பட்டது. அந்த ஓட்டை அதுவே செய்கிறதா, நண்டு மாதிரி வேறொன்றின் ஓட்டில் குடியேறுகிறதா என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். உயிரோடு வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? 1832-இல் அதற்காகக் கண்ணாடித் தொட்டி செய்தார். அதுவே ஓட்டைச் செய்கிறது என்று நிரூபித்தார். ஆக, முதல் தொட்டி அலங்காரத்துக்கு வந்ததல்ல, ஒரு கேள்விக்கு விடை தேட வந்தது.

அலங்காரம் பிறகு வந்தது. இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி வரி நீங்கியது, கண்ணாடி மலிந்தது. ரயில் வந்தது, லண்டன்காரர்கள் கடற்கரைக்குப் போக முடிந்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிப் கோஸ் என்பவர் 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே புத்தகம் போட்டார். அந்தச் சொல்லை நாட்டில் பரப்பியது அவர்தான். நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடங்களில் எல்லாம் கடல்நீர்த் தொட்டி. அதற்கு உயிர்கள் வேண்டுமே? கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் போய்ப் பாறைக் குட்டைகளைச் சுரண்டினார்கள்.

கோஸின் மகன் எட்மண்ட் 1907-இல் தன் சிறுவயது பற்றி எழுதினார். அப்பாவோடு தான் பார்த்த அந்த அழகான பாறைக் குட்டைகள் பாழாகிப் போனதையும், அப்பாவின் புத்தகங்களே அந்தக் கூட்டத்தை அனுப்பின என்பதையும், அது அப்பாவை எவ்வளவு வாட்டியது என்பதையும் பதிவு செய்திருக்கிறார். கடலை நேசிக்கச் சொல்லிக் கொடுத்தவர், நேசித்தவர்களாலேயே கரை காலியானதைப் பார்த்தார். இந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இதே கதை மறுபடி வரும்.

இப்போது நம் சென்னைக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டன் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஆங்கிலேயர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டவர். அதே மனிதர் அதற்கு 20 ஆண்டு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி எழுதியிருந்தார். அவர் முயற்சியில் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் எழும்பி 1909-இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகம் அது. சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். மனிதனையும் மீனையும் ஒரே மாதிரி வகை பிரித்துக் காட்சிக்கு வைத்த காலம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டு போடும் என்று பயந்து 1942-இல் பட்டணமே காலியானதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தப் போர்க்காலத்தோடு அந்தக் காட்சியகமும் முடிந்தது.

போருக்குப் பிறகு உலகம் மாறியது. பிளாஸ்டிக் பை வந்தது. அதில் தண்ணீரும் ஆக்சிஜனும் அடைக்கலாம். ஜெட் விமானம் வந்தது. பிலிப்பைன்ஸில் பிடித்த மீன் இரண்டொரு நாளில் அமெரிக்காவில் இறங்கியது. பாறை இடுக்கில் ஒளியும் மீனை மயக்கிப் பிடிக்க அங்கே சயனைடு கரைசலைப் பீய்ச்சத் தொடங்கினார்கள். மீன் மயங்கும், பக்கத்துப் பவளம் சாகும். 2003-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை ஒன்று, ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் வண்ண மீன்கள், 1,471 இனங்கள், வியாபாரமாகின்றன என்று கணக்குச் சொன்னது. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களோ பெரும்பாலும் கடலில் பிடித்தவை. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதே 2003-இல்தான் அந்த நிமோ படம் வந்தது. கடல் மீனைக் கடலிலேயே விடுங்கள் என்பதுதான் அதன் கதை. படம் பார்த்த குழந்தைகள் மீன் கேட்டார்கள், விற்பனை எகிறியது என்று பத்திரிகைகள் எழுதின. சரித்திரக்காரன் பத்திரிகைச் செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-இல் வந்த அடுத்த படமான டோரியைப் பற்றி ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இறக்குமதிக் கணக்கைப் பார்த்தபோது, படத்தால் மீன் வியாபாரம் கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே பழி முழுவதையும் ஒரு சினிமா மேல் போட வேண்டாம். ஆசை அதற்கு முன்பே இருந்தது. லண்டன் கூடங்களிலிருந்து தொடர்ந்து வருவது அது.

நம் கடலின் நிலை என்ன? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். கடலடிப் பாறைத்தளத்தை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துப் பார் என்று கொற்கை பாடத்தில் படித்தீர்களே, அந்தப் பார். 1986-இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல காலம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோனார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. காவல் நின்ற பவளம் போனதால் அலை மண்ணை அரித்துவிட்டது. போதாததற்கு 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. வீடே இப்படி இருக்கும்போது, குடியிருப்பவனையும் பிடித்துக்கொண்டு போனால்?

இங்கேதான் கதையில் நல்ல திருப்பம். அதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமையான பங்கு உண்டு.

மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டிருப்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்த முகாம் இருந்த இடம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பிறகு பல ஆண்டுகள் அங்கே தலைமையகம் வைத்திருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் ஆய்வு தொடர்ந்தது. நம்மூர்க் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டிய முறையை அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் 2001-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் புளோரிடாவின் மார்ட்டின் மோ போன்றவர்கள் 1970-களிலேயே கோமாளி மீனைப் பண்ணையில் வளர்த்திருந்தார்கள். ஆனால் நம் கடலின் மீனை, நம் தண்ணீரில், நம் செலவுக்குள் செய்து காட்டியதுதான் இங்கே முக்கியம்.

இது சொல்வதற்குச் சுலபம். ஆண் பெண் ஜோடி சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓடு அல்லது கல்லின் மேல் சில நூறு முட்டைகள் இடும். அப்பா மீன் ராப்பகலாகத் துடுப்பால் விசிறி, கெட்ட முட்டையைத் தின்று, மீதியைக் காக்கும். ஒரு வாரம் பத்து நாளில் இருட்டியதும் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சின் வாய் ஊசிமுனை அளவு. அதற்குத் தீனியாகக் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்க்க வேண்டும். ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பாசியை வளர்க்க வேண்டும். ஆக, ஒரு மீனை வளர்க்க மூன்று விவசாயம். இரண்டு வாரம் தாண்டினால் வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கும். அப்போதுதான் அவர்களுக்கு மூச்சே வரும்.

சிதம்பரம் பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலும் இதே வேலை நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அங்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் அந்த நீரைக் கொண்டே கோமாளி மீன் இனங்களைப் பெருக்கிக் காட்டினார்கள். கடலுக்குள் குழாய் போட வசதியில்லாதவரும் செய்யலாம் என்பதுதான் அதன் பொருள். பிறகு கடலோரப் பெண்கள் குழுக்களுக்குக் குஞ்சு வளர்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். லட்சத்தீவின் அகத்தி வரை இந்த முறை போனது.

எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "எல்லாம் பண்ணையில் பிறந்தால், பாரை நம்பிப் பிழைப்பவன் என்ன செய்வான்? மீனால் அவனுக்கு வருமானம் இருந்தால்தானே பவளத்தைக் காப்பான்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சில நாடுகளில் அளவோடு வலையால் பிடித்து நடத்தவும் செய்கிறார்கள். என் கருத்து இதுதான். அளவு வைத்துக் கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில் அது சரி. இரண்டு தீவு மூழ்கிய கடலில் அந்த நம்பிக்கை எனக்கில்லை. அதே மீனவக் குடும்பத்தின் கையில் குஞ்சு வளர்ப்பைக் கொடுப்பதே இரண்டு பக்கமும் நியாயம்.

சட்டமும் ஒரு முறை தலையிட்டது. 2017-இல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கு விதி கொண்டுவந்தது. வட்டக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்றது. 158 இனங்களை விற்கவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்றது. கோமாளி மீனும் அந்தப் பட்டியலில். கடலில் பிடித்தது, பண்ணையில் பிறந்தது என்ற பேதமே இல்லை! கொளத்தூர் வியாபாரிகள் கொதித்தார்கள். மறு ஆண்டே விதிகள் திரும்பப் பெறப்பட்டன. நோக்கம் நல்லது, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பவளத்துக்கு மட்டும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு 2001-இலிருந்து உறுதியாக இருக்கிறது. பவளக் கல்லை எடுப்பதும் விற்பதும் குற்றம். தொட்டிக்கு அழகு என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா? வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது:

முதல் கேள்வி, "இந்த மீன் எங்கே பிறந்தது?" விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். பண்ணை மீன் என்றால் எந்தப் பண்ணை என்று கடைக்காரர் சொல்ல முடியும். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். பண்ணையில் பிறந்தது தொட்டித் தீனிக்கும் பழகியிருக்கும். உங்களுக்கும் நஷ்டம் குறைவு.

இரண்டாவது, கடல் சாமந்தி வாங்க வேண்டாம். தொட்டியில் எதிரி இல்லை. சாமந்தி இல்லாமலே கோமாளி நன்றாக இருக்கும். சாமந்தியோ வீட்டில் பிழைப்பது கஷ்டம்.

மூன்றாவது, உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை தனியாக விற்கிறது. நம் ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மரக்காணம் உப்பளத்தில் நடப்பது உங்கள் ஹாலில் நடக்கும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. சித்திரை வெயிலில் தொட்டி நீரின் சூட்டையும் பாருங்கள். 28 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கரண்ட் போனால் காற்று மோட்டாருக்கு மாற்று வழி வேண்டும்.

நான்காவது, பொறுமை. தொட்டி வைத்த அன்றே மீனை விடாதீர்கள். மீனின் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பிள்ளை பொறுமையாக இருந்தால், அவன் மீன் வளர்க்கத் தகுதியானவன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பத்து வருடத்துக்கு மேல் வாழும். ஐந்தாம் வகுப்புப் பையன் வாங்கினால், அவன் காலேஜ் போன பிறகு தீனி போடப்போவது நீங்கள்தான்!

இவ்வளவும் முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு கப்பித் தொட்டி வையுங்கள். இல்லையென்றால் விடுமுறையில் ராமேஸ்வரம் போகும்போது மண்டபத்தில் இறங்கி, அந்த ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோயில் தரிசனத்தோடு கடல் தரிசனமும் ஆகும்.

1850-களில் இங்கிலாந்துக் கரையில் குட்டைகளைச் சுரண்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழகை ரசித்தவர்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். நாம் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல இன்று மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆள் இருக்கிறார்கள்.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்க்கும் மாணவர்கள் அங்கே கோமாளி மீனுக்கு மீனவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். செபாவின் பெயரைவிட நம் பெயர் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்,
திருவண்ணாமலை